நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகல

முதலில் இந்தப் பக்கம் வாருங்கள். ஜன்னல் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டிரெய்லரை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கிறார்கள். திரையைத் தள்ளிப் பார்க்கிறார்கள். குளியலறையில் கையை நீட்டினால் சுவர் இடிக்குமா என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரியும் ஜன்னலண்டைதான் நிற்கிறார்கள், நிற்கட்டும். நீங்கள் குனிந்து இதைப் பாருங்கள். படிக்குப் பக்கத்தில் அந்த மூடியைத் தூக்குங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி தெரிகிறதா? இந்த வண்டியில் பொருள் என்று சொன்னால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிளைவுட்டும் ரெக்சினும்.

நாம் போய் நிற்கிற இடத்தில் யார் வீட்டு பிளக்கிலிருந்தோ கரண்ட் எடுப்போம் இல்லையா, அது நேராக வண்டிக்குள் போகாது. இந்தப் பெட்டிக்கு வரும். இது அளந்து பார்க்கும். நூற்றுத் தொண்ணூறு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே விடாது. இருநூற்று அறுபதைத் தாண்டினாலும் விடாது. எர்த் இல்லையென்றால் விடாது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் விடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே விடாது. மூன்று நிமிஷம் பொறுத்து, வந்த கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடும். இடி விழுந்து லைன் எகிறினால், இது செத்தாலும் சாகுமே தவிர உள்ளே இருப்பதைச் சாகவிடாது.

சுலோசனா சொல்வாள். சுலோசனா என் வீட்டுக்காரி. "பொண்ணு குடுக்கறதுக்குக் கூட எங்கப்பா இத்தனை கேள்வி கேக்கலீங்க. இந்தப் பெட்டி உங்களப் பாத்துப் பழகுச்சா, இல்ல நீங்க இதப் பாத்துப் பழகுனீங்களா?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஹை வோல்டேஜ்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அது பரவாயில்லை. ஒரே அடி, டப்பென்று போகும், ஆள் போய்விட்டான் என்றாவது தெரியும். லோ வோல்டேஜ் அப்படி இல்லை. விளக்கு எரியும், கொஞ்சம் மங்கலாக. ஃபேன் சுற்றும், கொஞ்சம் மெதுவாக. கம்ப்ரசர் முனகும். போதாத குறைக்குக் கரண்டை அதிகமாக இழுக்கும், உள்ளே காயில் சூடாகும், நிறம் மாறும், வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கிறவர்கள் "இன்னைக்குக் கொஞ்சம் டல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஒருநாள் நின்றுவிடும். ஏன் நின்றது, நேற்று வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது என்பார்கள். நேற்று வரைக்கும் எங்கே நன்றாக ஓடியது? உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவன். ஒரு மோட்டார் எரிந்தால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். எரியாத மோட்டாரைப் பற்றி ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை அப்படி. ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒன்றும் ஆகவில்லை என்பதை யார் கண்ணிலும் காட்டவும் முடியாது.

மில் மூடியதும் இதைக் கட்டினேன். சிங்காநல்லூர் லேத் பட்டறையில் சேசிஸ், பாடி எல்லாம் நானே நின்று பார்த்துக் கட்டியது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்றேன். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். சுலோசனா முதலில் நம்பவில்லை. "நீங்க என்னக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்" என்றாள். பிறகு எங்கிருந்தோ பெரிய பழைய சூட்கேஸை இறக்கினாள். ஒரு வருஷம் சுற்றலாம், அவளுக்குப் பிடித்தால் இப்படியே இருந்துவிடலாம், பிடிக்காவிட்டால் அவள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்வேன் என்று பேச்சு. விளையாட்டாகத்தான் பேசினோம். ஆனால் அவள் விளையாட்டாகப் பேசுகிறவள் இல்லை.

ஏற்காட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நிறுத்தினோம். நல்ல இடம். அந்த ஆள் பிளக்கைக் காட்டினான். டெஸ்டரை வைத்தால் எர்த்தே இல்லை. மூன்றாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கிறது. "ரொம்ப வருசமா இப்டித்தான் சார் ஓடுது" என்றான். அவனுக்கு ஓடும். நாங்கள் கிளம்பிவிட்டோம். குமுளிப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கரண்ட் அருமையாக இருந்தது. சுலோசனா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். மலைக்கு மேலே மின்னல் வெட்டியது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். சமவெளிக்கு இறங்கிவிடலாம் என்றேன். அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். "மழை வருதுங்க. மழையப் பாத்துட்டுப் போலாமே" என்றாள். மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது.

ராமேஸ்வரம் பக்கம் நூற்று எழுபது வோல்ட். காரைக்குடிக்கு வெளியே ஒரு லாட்ஜில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி இருந்தது, மாற்றிக் கொடு என்றால் மேனேஜர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறான். எங்கே போனாலும் இப்படித்தான். ஒரு பிளக்கை ஒழுங்காகப் போட முடியவில்லை, வாசலில் மட்டும் பெரிதாக வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் காட்டுவது? வண்டி ஓட்டிக்கொண்டே புலம்புவேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்க, ஒரு ஊர்லயாவது துணி தொவச்சுப் போட்டு, அது காயற வரைக்கும் நிப்பமா?" என்றாள் ஒருநாள். ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போய் அடுத்த ஊரில் காயப்போடுவாள். அது நாற்றம் அடிக்கத்தான் செய்தது. நானும் அதைச் சொன்னேன்.

கரண்டே இல்லாமல் ஒரு பொழுது இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். பேட்டரியில் விளக்கு எரியும், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். சரிதான். ஆனால் இவ்வளவும் செய்து வைத்தது எதற்கு? ஏசியும் பிரிட்ஜும் அவளுக்காகத்தானே போட்டேன்? இருட்டில் புழுக்கத்தில் உட்கார்வதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே? இதை நான் அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், பதில் சொல்லாததும் பதில் இல்லாததும் ஒன்றுதானா என்று தோன்றுகிறது. சரி, அதை விடுங்கள்.

வைகாசியில் பேராவூரணிப் பக்கம் போனோம். அங்கே மலர்க்கொடி என்று அவளுடைய சிநேகிதி. காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. புருஷன் நீலகண்டன், தேங்காய் வியாபாரம், நல்ல மனுஷன், என்னை முதல் நாளிலிருந்தே அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மலர்க்கொடி தையல் யூனிட் நடத்துகிறாள். மோட்டார் வைத்த மெஷின்கள், எம்ப்ராய்டரிக்குக் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள். கல்யாண மாசம், ஜாக்கெட் மலை மாதிரி குவிந்து கிடந்தது.

வீட்டை ஒட்டிய தோப்பில் வண்டியை நிறுத்தினோம். பிளக்கைப் போட்டேன். நூற்று எண்பத்து நாலு. பெட்டி விடவில்லை. நீலகண்டன் சிரித்தார். "மத்தியானம் பம்பு செட்டெல்லாம் ஓட ஆரம்பிச்சா இப்புடித்தான்ணே. இருங்க, மாத்தி வுடுறேன்" என்று போர்டில் ஒரு சுவிட்சைத் திருப்பினார். வீட்டு லைன் வேறு ஃபேஸுக்குப் போனது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தத் தெருவில் அது ஒரு பழக்கம். ஒரு ஃபேஸ் மங்கினால் எல்லா வீட்டிலும் அடுத்த ஃபேஸுக்குத் திருப்புவார்கள். எல்லோரும் அங்கே போனதும் அது மங்கும். திரும்ப எல்லோரும் இந்தப் பக்கம் வருவார்கள். ஆட்டு மந்தை மாதிரி. அதை ஒரு கஷ்டமாகவே அவர்கள் நினைக்கவில்லை. பேசிக்கொண்டே போய்த் திருப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள்.

ஆனால் எனக்கு அதுவல்ல கவலை. போர்டைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் கம்பி மாட்டியிருக்கிற இடம் கருகிப்போய், திருகு தளர்ந்து கிடக்கிறது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த வீட்டுக்கு மூன்று ஃபேஸ். வீடு ஒன்றில். தையல் கொட்டகை ஒன்றில். கிணற்று மோட்டார் ஒன்றில். மூன்றுக்கும் பொதுவாக நியூட்ரல் ஒன்றே ஒன்று. அந்த ஒரு கம்பிதான் மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறது. அது விட்டுப்போனால் பெரிய லோடு ஓடுகிற பக்கம் படுத்துவிடும், சின்ன லோடு இருக்கிற பக்கம் நானூறு வரைக்கும் ஏறிவிடும். வீட்டில் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் போகும்.

சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன். காப்பி குடிக்கும்போது சொன்னேன். மலர்க்கொடி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் தலைக்கு மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மினுக்கியது. "பாருங்க, மினுக்குது" என்றேன். மலர்க்கொடி, "அது எங்க கல்யாணத்துலேருந்து மினுக்குதுண்ணே. இவுங்க கண்ணடிக்கிறாங்கன்னு நெனச்சுத்தான் நான் இங்க வாக்கப்பட்டேன்" என்றாள். சுலோசனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. நெருப்பு விஷயம்.

அடுத்த நாள் அவள் தோப்பிலிருந்து ஓடிவந்தாள். "துணி காஞ்சிருச்சுங்க" என்றாள். கையில் மொடமொடவென்று என் சட்டை. முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நான், "அந்த நியூட்ரலை இவுங்க சரி பண்ற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல சுலோ" என்றேன்.

நீலகண்டனுக்கும் ஒரு கட்டத்தில் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் மத்தியானம் ஸ்குரூடிரைவரோடு வந்தார். "வாங்கண்ணே, நீங்களும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. முறுக்கிப்புடுவோம்" என்றார். போர்டைத் திறந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கொட்டகையில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கிணற்று மோட்டாரும் ஓடுகிறது. அதாவது மெயின் அணைக்கவில்லை. அவர் நியூட்ரலில் ஸ்குரூடிரைவரை வைக்கிறார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் மனுஷனுக்கு எது முதலில் ஞாபகம் வரும்? எங்கள் வண்டியின் பிளக் வீட்டு லைனில் செருகியிருக்கிறது. ஓடினேன். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். மெயின் சுவிட்ச் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது என்று சுலோசனா இன்றைக்கும் சொல்கிறாள். அவள் கொட்டகை வாசலில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கை எட்டுமா எட்டாதா என்று எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. சில நாள் அது எட்டும் தூரம் என்று படுகிறது, சில நாள் எட்டாது என்று படுகிறது.

திருகைத் திருப்பியதும் கருகிப்போன கம்பி கையோடு வந்துவிட்டது. மோட்டார் பெரிய லோடு இல்லையா, அது படுத்தது. கொட்டகைப் பக்கம் ஏறியது. டியூப் லைட் வெடித்த சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டது. மெஷின் மோட்டார்கள் ஒன்று மாற்றி ஒன்று புகைந்தன. கம்ப்யூட்டர் மெஷினின் கார்டு போனது. வீட்டில் டிவி, பிரிட்ஜ். பெண்கள் எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை, ஒரு கீறல் இல்லை. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

நான் பிளக்கைப் பிடுங்கப் போனால், பெட்டி ஏற்கெனவே கட் செய்துவிட்டு சிவப்பு விளக்கோடு நிற்கிறது. கண்ணிமைக்கிற நேரம் கூட ஆகியிருக்காது. உள்ளே ஏறி பிரிட்ஜ் பார்த்தேன், ஏசி பார்த்தேன், சார்ஜர் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள், இத்தனை ஊர், இத்தனை பேச்சு. வாசலில் வந்து நின்று சத்தமாகச் சொன்னேன், "நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆகல, சுலோ."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்ல செய்திதானே சொன்னேன்? அவர்களுக்குப் போனது எனக்கு வருத்தம் இல்லையா? இருக்கிறது. ஆனால் பெட்டி வைத்திருந்தால் அவர்களுக்கும் போயிருக்காது. அதைச் சொல்வதற்கு அதைவிடச் சரியான நேரம் எது? நீலகண்டனிடம் சொல்லவும் செய்தேன், "உங்க வீட்டுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுத்தர்றனுங்க" என்று. அவர் கையில் இன்னும் அந்த ஸ்குரூடிரைவர். "வேணாம்ணே. நீங்க ஒக்காருங்கண்ணே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மலர்க்கொடி திட்டவில்லை. கொட்டகைக்குள் போய், ஊசி பாதியில் இறங்கி நின்ற ஒரு ஜாக்கெட்டை மெதுவாக விடுவித்து எடுத்தாள். மூலையில் காலால் மிதிக்கிற பழைய மெஷின் ஒன்று துணிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. சுலோசனா போய்த் துணிக்கட்டை இறக்கிவிட்டு, மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நேர்கோடு மாதிரி தையல் ஓடுகிறது. அவளுக்குத் தைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "உங்களக் கட்டறதுக்கு முன்னால" என்றாள்.

அதற்கப்புறம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து நியூட்ரலை மாற்றினார். நானும் கூட நின்று பார்த்தேன், சுத்தமான வேலை. இருநூற்று முப்பது. காலையில் இருநூற்று முப்பது, மத்தியானம் இருநூற்று இருபத்தெட்டு. இந்தியாவிலேயே அப்படி ஒரு கரண்ட் கிடைக்காது. ஏசியைப் போட்டு வண்டியைக் குளுகுளுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் கொட்டகையிலேயே இருக்கிறாள். அங்கேதான் சாப்பாடு. அங்கேதான் மற்றப் பெண்களோடு பேச்சு. நான் போனால் பேச்சு நிற்கும். கிளம்பலாமா என்றேன். "நீங்க போங்க. ஆர்டர் முடியட்டும்" என்றாள். நான் மட்டும் வண்டியோடு ஊருக்கு வந்துவிட்டேன். வைகாசி ஆர்டர் முடிந்தது, ஆவணி ஆர்டர் வந்தது. இப்போது கார்த்திகை. மெஷின் மோட்டார்களையெல்லாம் புதுசாக ரீவைண்டிங் செய்துவிட்டார்களாம், போனில் கேட்டேன். அப்புறம் ஏன் அவள் மிதிக்கிற மெஷினிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அதற்குக் கரண்ட் வேண்டாம் என்கிறாள்.

நான் யோசிக்காமல் இல்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவனுக்கு வேறென்ன வேலை? நான் செய்ததில் எது தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஏற்காட்டில் எர்த் இல்லை, அது உண்மை. குமுளியில் மின்னல், அது உண்மை. நியூட்ரல் கருகியிருந்தது, நான் சொன்னதுதான் நடந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. போன வாரம் போனில், "அந்த டப்பாவ வித்துருங்க. வித்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அதனால்தான் விளம்பரம் கொடுத்தேன். நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அவளிடம் சொல்லிவிடுவேன். அதற்காக உங்களை அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள்.

என்ன, உங்கள் வீட்டுக்காரிக்கு ஜன்னல் பிடித்துவிட்டதா? எடுத்துக்கொள்கிறீர்களா? பெட்டியைச் சரியாகப் பார்க்கவே இல்லையே நீங்கள். சரி. சந்தோஷம். ஒரு நிமிஷம் இருங்கள், அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள், நீங்கள் போக வேண்டாம்.

ஹலோ, சுலோ. நான்தான். வித்தாச்சு. ஆமா, வண்டிதான். ஈரோட்டுக்காரங்க, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்திருக்காங்க. நிசமாத்தான் சொல்றேன்... என்னது? வீடா? எங்க, மலர்க்கொடி வீட்டுத் தெருவுலயா? வாடகைக்குப் பாத்து வெச்சிருக்கியா? எப்ப பாத்தே? ம்... ம்... முன்னால வேப்பமரமா. சரி. ரெண்டு பேருக்குப் போதும்ங்கறே. சரி, சரி, கேக்குது. ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும். ம்... சுலோ, அது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

ஹலோ.

வைத்துவிட்டாள்.

ஒன்றுமில்லை. என்னை வரச் சொல்கிறாள். வீடு பார்த்து வைத்திருக்கிறாள், இத்தனை நாளாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள் பாருங்கள். கடைசியில், "ஒரு ஆளுக்கும் போதும்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அது என்ன பேச்சு? முதலில் ரெண்டு பேருக்கு என்றாள், அப்புறம் ஒரு ஆளுக்கு என்கிறாள். இடையில் நான் என்ன சொல்லிவிட்டேன்? புது வீடு என்றால் அதைத்தானே முதலில் கேட்பார்கள்? நீங்கள் கேட்க மாட்டீர்களா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள், திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ரிங் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.